சேய்மை நிலங்களைக் களமாகக் கொண்ட நூல்கள்: வாசிப்புச் சவாலுக்கான தேர்வு நெறிகள்

ஆய்வுச் சுருக்கம்

குறித்த கால எல்லைக்குள் குறித்த வகைமைகளில் நூல்களைப் படித்து முடிக்கும் வாசிப்புச் சவால்கள் இன்று கல்லூரி நூலகங்களிலும் வாசகர் வட்டங்களிலும் பரவலாக நடைபெறுகின்றன. அவற்றில் ‘எளிதில் சென்றடைய முடியாத இடத்தைக் களமாகக் கொண்ட நூல்’ என்பதும் ஒரு வகைமை. இவ்வகைமைக்கு நூல் தேர்வது எளிதாகத் தோன்றினும், தேர்வுநெறி இன்றேல் தீவுச் சாகசக் கதைகளிலேயே பட்டியல் நின்றுவிடுகிறது. சேய்மை என்பது யாது, அது யாருடைய நோக்கில் சேய்மை, அந்நிலம் படைப்பில் என்ன பணி செய்கிறது ஆகிய மூன்று வினாக்களை முன்வைத்து, தமிழ்த் திணைக்கோட்பாட்டின் முதல், கரு, உரி என்னும் பகுப்பைத் தேர்வுக்கருவியாகக் கொள்ளலாம் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. அயர்லாந்தின் பிளாஸ்கெட் தீவு எழுத்துகளும், நெடுந்தீவு, தண்ணிமுறிப்பு, சத்தியமங்கலம், வால்பாறை ஆகிய இடங்களைக் களமாகக் கொண்ட படைப்புகளும் முதன்மைச் சான்றுகளாக எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளன.

திறவுச்சொற்கள்: சேய்மை நிலம், வாசிப்புச் சவால், திணைக்கோட்பாடு, தீவு இலக்கியம், பிளாஸ்கெட், நெடுந்தீவு, நூல் தேர்வு.

முன்னுரை

நூல் தேர்வு என்பது வாசிப்புக்கு முந்திய சிறு வேலை என்று கருதப்படுகிறது. ஆயினும் எதைப் படிக்கிறோம் என்பதைவிட எதைப் படிக்காமல் விட்டோம் என்பதே பல வேளைகளில் நம் உலக அறிவின் எல்லையை வரைகிறது. சேய்மை நிலங்களைப் பொறுத்தவரை இது மேலும் உண்மையாகும். நகரத்தைப் பற்றிய ஒரு நாவல் பிழையான சித்திரத்தைத் தந்தால், வாசகன் தன் பட்டறிவால் அதனைத் திருத்திக்கொள்ள முடியும். அவன் ஒருபோதும் காணப்போகாத தீவையோ காட்டூரையோ பற்றிய நூல் பிழையான சித்திரம் தந்தால் அதுவே அவனுக்கு அவ்விடமாக நிலைத்துவிடும். எனவே இவ்வகைமையில் தேர்வுப் பொறுப்பு கூடுதலாகிறது.

வாசிப்புச் சவாலை நடத்தும் நூலகர்க்கும் ஆசிரியர்க்கும், அதில் பங்குபெறும் வாசகர்க்கும் பயன்படத்தக்க நெறிகளை வகுத்தளிப்பதே இக்கட்டுரையின் நோக்கம். நூல்களை மதிப்பிட்டுத் தரவரிசைப்படுத்துவது நோக்கமன்று.

1. சேய்மை என்பது யாது?

சேய்மையைக் கிலோமீட்டரால் அளக்கும் வழக்கம் உண்டு. தென் அட்லாண்டிக் பெருங்கடலில் உள்ள திரிஸ்தான் ட குன்யா இவ்வளவையில் முதலிடம் பெறும். அதற்கு அண்மையில் மக்கள் வாழும் நிலமாகிய செயின்ட் ஹெலினா 2,400 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவில் உள்ளது. வானூர்தி நிலையம் இல்லாத அத்தீவைக் கப்பலில் மட்டுமே சென்றடைய முடியும். 1961இல் எரிமலை வெடித்தபோது தீவினர் அனைவரும் இங்கிலாந்துக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். 1963இல் பெரும்பாலோர் தம் தீவுக்கே திரும்பினர். வெளியுலகம் சேய்மை எனக் கருதிய இடம் அவர்களுக்கு வீடாக இருந்தது என்பதற்கு இத்திரும்புகை சான்றாகும்.

ஆனால் தொலைவு ஒன்றே சேய்மையைத் தோற்றுவிப்பதில்லை. அயர்லாந்தின் மேற்குக் கோடியில், டிங்கிள் தீபகற்பத்தை அடுத்துள்ள பெரிய பிளாஸ்கெட் தீவு கரையில் நின்றாலே கண்ணுக்குத் தெரியும். எனினும் அங்கு மருத்துவர் இல்லை, தேவாலயம் இல்லை. கடல் கொந்தளித்தால் வாரக்கணக்கில் படகு செல்லாது. 1916இல் ஏறத்தாழ 176 பேர் வாழ்ந்த அத்தீவு, 1953இல் எஞ்சியிருந்த இருபத்திரண்டு பேரும் வெளியேற்றப்பட்டதோடு ஊராக இருப்பதை நிறுத்திக்கொண்டது. கண்ணுக்கெட்டும் தொலைவிலிருந்தும் அது சேய்மை நிலமாகவே வாழ்ந்து முடிந்தது.

இவ்விரு சான்றுகளும் தேர்வாளர்க்கு உணர்த்துவது ஒன்றுண்டு. சேய்மையை மூன்று வகையாகப் பகுத்துக்கொள்வது பயன் தரும்.

அ. இயற்கையால் அமைந்த சேய்மை: கடல், பனி, பாலைவனம், அடர்காடு ஆகியவை வழியை அடைப்பது.

ஆ. வாழ்தொழிலால் அமைந்த சேய்மை: மீன்பிடி, மந்தை மேய்ப்பு, வேட்டை, காட்டுவேளாண்மை முதலியவற்றின் பொருட்டு மக்கள் ஊர்களை விட்டு விலகி வாழ்வது.

இ. அதிகாரத்தால் அமைந்த சேய்மை: சிறை, முகாம், பெருந்தோட்டம் போன்றவற்றில் வழி இருந்தும் செல்ல விடாமல் தடுப்பது.

வாசிப்புச் சவால்களின் பட்டியல்களில் முதல் வகையே மிகுந்து காணப்படுகிறது. மூன்றும் இடம்பெறும் பட்டியலே சேய்மை என்னும் கருத்தின் முழுப் பரப்பைக் காட்டும்.

2. திணைக்கோட்பாடு தரும் அளவுகோல்

நிலத்தையும் இலக்கியத்தையும் இணைத்துச் சிந்தித்த மரபு தமிழில் தொன்மையானது. தொல்காப்பியம் பாடலுக்குரிய பொருளை முதல், கரு, உரி என மூன்றாகப் பகுக்கிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள். தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில் முதலியன கருப்பொருள். மாந்தரின் அகவொழுக்கம் உரிப்பொருள். இம்மூன்றனுள் முதலினும் கருவும், கருவினும் உரியும் சிறந்தன என்பது இலக்கண மரபு.

பிறநாட்டுப் படைப்புகள் திணைமரபைப் பின்பற்றின என்று கூறுவது இங்கு நோக்கமன்று. நூல் தேர்வுக்கு இப்பகுப்பு ஒரு கருவியாக உதவும் என்பதே கருத்து. சேய்மை நிலத்தைக் களமாகக் கொண்ட ஒரு நூலை எடுத்துக்கொண்டு பின்வரும் மூன்று வினாக்களைக் கேட்கலாம்.

முதலாவது, நிலமும் பொழுதும் குறிப்பாகச் சொல்லப்பட்டுள்ளனவா, அன்றி ‘ஏதோ ஒரு தீவு’ என்ற அளவில் நின்றுவிடுகின்றனவா? இரண்டாவது, அந்நிலத்தின் உணவு, தொழில், கருவி, விலங்கு, வழிபாடு ஆகியவை கதைக்குள் இயங்குகின்றனவா? மூன்றாவது, மாந்தரின் அச்சமும் அன்பும் பிரிவும் அந்நிலத்திலிருந்து பிறக்கின்றனவா, அல்லது வேறெந்த நிலத்துக்கும் அவற்றைப் பெயர்த்து வைக்க முடியுமா? மூன்றாம் வினாவுக்குப் ‘பெயர்த்து வைக்க முடியாது’ என்று விடை தரும் நூலே இவ்வகைமைக்கு முழுமையாக உரியது. ஏனையவற்றில் நிலம் நாடகமேடையின் பின்திரை மட்டுமே.

இங்குப் பாலைத்திணையின் இயல்பும் நோக்கத்தக்கது. பாலைக்கெனத் தனி நிலம் இல்லை. முல்லையும் குறிஞ்சியும் வேனிலின் வெம்மையால் தம் இயல்பு திரிந்து பாலை என்னும் வடிவம் கொள்ளும் என்கிறது சிலப்பதிகாரம். சேய்மையும் இத்தகையதே. கோடையில் வழியாக இருக்கும் கடலே குளிர்காலத்தில் சுவராகிறது. பனி உருகும்போது அண்மையாகும் மலையூர் பனி பெய்கையில் எட்டாததாகிறது. சேய்மையும் இவ்வாறே நிலம் பருவத்தாலும் சூழலாலும் எய்தும் நிலை. இதனை உணர்ந்து எழுதப்பட்ட நூல்களில் காலநிலை ஒரு மாந்தரைப் போலவே செயல்படுவதைக் காணலாம்.

3. யாருக்குச் சேய்மை?

தென் பசிபிக் கடலில், சிலி நாட்டுக்கு மேற்கே ஏறத்தாழ 670 கிலோமீட்டர் தொலைவில் ஒரு தீவு உள்ளது. ‘மாஸ் ஆ தியெர்ரா’ என்பது அதன் பழைய பெயர். ஸ்பானிய மொழியில் ‘கரைக்கு அணித்தானது’ என்பது பொருள். அதே தீவுக்கூட்டத்தின் மற்றொரு தீவு ‘மாஸ் அஃபுவேரா’, அதாவது ‘அப்பால் உள்ளது’. இரண்டு பெயர்களும் பெருநிலத்தில் நின்று பார்ப்பவன் இட்டவை. முதல் தீவில்தான் அலெக்சாண்டர் செல்கிர்க் என்னும் ஸ்காட்லாந்து மாலுமி 1704 முதல் 1709 வரை நான்கு ஆண்டுகளுக்கும் மேலாகத் தனித்து வாழ்ந்தார். அவரது வரலாறு, டேனியல் டெஃபோ 1719இல் வெளியிட்ட ‘ராபின்சன் குரூசோ’ நாவலுக்குத் தூண்டுதலாக அமைந்தது எனப் பொதுவாகக் கருதப்படுகிறது. நாவலின் தீவோ பசிபிக்கில் இல்லை. தென் அமெரிக்காவின் வடகிழக்கில் ஒரினோகோ ஆற்றின் முகத்துவாரத்தை அடுத்து வைக்கப்பட்டுள்ளது. எனினும் 1966இல் சிலி அரசு முதல் தீவுக்கு ராபின்சன் குரூசோவின் பெயரையும், இரண்டாவதற்குச் செல்கிர்க்கின் பெயரையும் சூட்டியது. கதை நிலத்தின் பெயரையே மாற்றும் ஆற்றல் கொண்டது என்பதற்கு இது தெளிவான சான்று.

அந்நாவலைப் படிப்போர் கவனிக்கவேண்டிய செய்தி ஒன்றுண்டு. குரூசோவின் கப்பல் உடைந்தபோது அவன் பிரேசில் தோட்டக்காரர்களுக்காக ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளைக் கொண்டுவரச் சென்றுகொண்டிருந்தான். சிறுவர்க்கான சுருக்கப் பதிப்புகளில் இச்செய்தி விடுபடுவதுண்டு. அத்தீவுக்கு வந்து சேரும் மற்றொரு மனிதன் தன் பெயரைச் சொல்ல வாய்ப்புப் பெறுவதில்லை. காப்பாற்றப்பட்ட கிழமையின் பெயரே அவனுக்கு இடப்படுகிறது. தீவைத் தன் உடைமையாகக் கணக்கெழுதும் குரூசோவின் கண்வழியே வாசகனும் தீவைக் காண்கிறான். நூலை விலக்கவேண்டும் என்பதற்காக இது கூறப்படவில்லை. ஒரு நூலை மட்டும் படித்துச் சேய்மை நிலத்தை அறிந்துவிட்டதாகக் கொள்ளலாகாது என்பதற்காகவே கூறப்படுகிறது.

இதற்கு மறுதலையாக அமைவன பிளாஸ்கெட் தீவினர் தாமே எழுதிய நூல்கள். மீனவரான தொமாஸ் ஓ கிரிஹன் ஐரிஷ் மொழியில் எழுதிய தன்வரலாறு 1929இல் வெளிவந்தது; அதன் ஆங்கிலப் பெயர்ப்பு ‘தீவு மனிதன்’ என்னும் பொருள்படும் தலைப்பினது. இளைஞரான முரிஷ் ஓ சூலவான் தம் வளரிளம் பருவத்தை எழுதி 1933இல் வெளியிட்டார். பெருநிலத்தில் பிறந்து தீவுக்கு மணமாகி வந்த பெக் சேயர்ஸ் என்னும் கதைசொல்லி தம் வாழ்க்கையை மகனிடம் சொல்ல, அது எழுதப்பெற்று 1936இல் நூலாயிற்று. இருநூறு பேர்கூட இல்லாத ஒரு தீவு எட்டாண்டுகளில் மூன்று நிலைபெற்ற நூல்களைத் தந்தது.

இவற்றின் தோற்றம் வாசிப்போடு நேர்த்தொடர்புடையது. தம்மைப் போன்ற மீனவரின் வாழ்க்கை நூலாகத் தகுமா என்று ஐயுற்றிருந்த ஓ கிரிஹனுக்கு, தீவுக்கு ஐரிஷ் கற்க வந்த பிரையன் ஓ கெல்லி என்பவர் மாக்சிம் கார்க்கியின் எழுத்துகளையும், ஐஸ்லாந்துக் கடலுக்குச் செல்லும் பிரெட்டன் மீனவரைப் பற்றிய பியேர் லோத்தியின் நாவலையும் படித்துக் காட்டினார். அவ்வாசிப்பே அவரை எழுதத் தூண்டியது. ஓரிடத்தின் எளிய வாழ்க்கையைப் பற்றிய நூல், மற்றோர் இடத்தில் எழுதுகோலை எடுக்கவைத்தது. சேய்மை நிலத்தவரும் சேய்மை நிலங்களைப் பற்றிப் படிப்பவரே என்னும் உண்மையை வாசிப்புச் சவால்களை வகுப்போர் மறத்தல் ஆகாது.

அகத்தார் எழுத்தாயினும் அது இடையீடின்றி நம்மை வந்தடைவதில்லை. ஊக்குவித்தோர், பதிப்பித்தோர், மொழிபெயர்த்தோர் ஆகிய பலர் கை பட்டே அது வருகிறது. ஆகவே நூலின் முன்னுரையையும் பதிப்புச் செய்தியையும் படிப்பது தேர்வின் ஒரு பகுதியாகும்.

4. வெளியார் எழுத்தின் தகுதி

புறத்தார் எழுதியவை யாவும் குறையுடையன எனக் கொள்வதும் பிழையே. அண்டார்க்டிகாவில் நிலையாக வாழும் குடிகள் இல்லை. அங்கு எல்லோரும் புறத்தாரே. ஸ்காட்டின் இறுதிப் பயணக்குழுவில் இருந்த ஆப்ஸ்லி செர்ரி கேரார்டு 1922இல் வெளியிட்ட நூல், 1911ஆம் ஆண்டின் துருவ இருளில் பேரரசப் பெங்குயினின் முட்டைகளுக்காக மூவர் மேற்கொண்ட ஐந்து வாரப் பயணத்தை விவரிக்கிறது. வெப்பநிலை உறைநிலைக்குக் கீழ் 60 பாகை செல்சியஸ் அளவுக்கு இறங்கியது. அவர்கள் கொண்டுவந்த மூன்று முட்டைகளை இலண்டன் அருங்காட்சியகத்தில் ஒப்படைத்தபோது கிடைத்த அலட்சியமான வரவேற்பையும் ஆசிரியர் பதிவு செய்கிறார். தன் குழுவின் பெருமையோடு இழப்பையும் வீணான உழைப்பையும் மறைக்காது எழுதியமையே அந்நூலை நம்பத்தக்கதாக்குகிறது.

இதிலிருந்து ஒரு நெறியைப் பெறலாம். வெளியார் எழுத்தைத் தேரும்போது, எழுதியவர் அங்கு எவ்வளவு காலம், எப்பணியில் இருந்தார், தம் அறியாமையை ஒப்புக்கொள்கிறாரா, அந்நிலத்து மாந்தர்க்குப் பெயரும் பேச்சும் தருகிறாரா என்பவற்றை நோக்கவேண்டும்.

5. தமிழ்ப் படைப்புகளில் சேய்மை நிலம்

சேய்மை என்றவுடன் பிறநாட்டு நூல்களையே நாடும் போக்கு தமிழ் வாசகரிடம் உண்டு. தமிழிலேயே மூவகைச் சேய்மைக்கும் தக்க படைப்புகள் உள்ளன.

செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்று’ நாவல் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குத் தென்மேற்கே உள்ள நெடுந்தீவைக் களமாகக் கொண்டது. பருவகாலத்தில் தீவுக்கு வந்து வாடியமைத்து மீன்பிடிக்கும் வெளியூர் மீனவருக்கும் தீவினருக்கும் இடையே எழும் உறவும் பகையும் கதைப்பொருள். தலைப்பே பொழுதைச் சுட்டுவதாக அமைந்துள்ளது. அக்காற்று வீசும் பருவமே மீனவரைத் தீவுக்குக் கொண்டுவருகிறது. அப்பருவமே கதையின் எல்லையாகவும் அமைகிறது. முதற்பொருள் உரிப்பொருளை இயக்குவதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

அ. பாலமனோகரனின் ‘நிலக்கிளி’ (1973) வன்னிப் பெருநிலத்தின் காட்டோரச் சிற்றூராகிய தண்ணிமுறிப்பைக் களமாகக் கொண்டது. இங்குத் தலைப்பு கருப்பொருளாகிய பறவையைச் சுட்டி, நாயகி பதஞ்சலியின் இயல்பை உள்ளுறையாக உணர்த்துகிறது. பின்னாளில் இனமுரண்பாடும் போரும் அப்பகுதி மக்களை இடம்பெயரச் செய்தன. அவ்வாழ்க்கையை இன்று அறிய விழைவோர்க்கு அந்நாவல் கதையாக மட்டுமன்றி ஆவணமாகவும் பயன்படுகிறது. பிளாஸ்கெட் நூல்களுக்கும் இதற்கும் உள்ள ஒப்புமை இவ்விடத்து வெளிப்படுகிறது: ஊர் கலைந்தது, நூல் எஞ்சியது.

ச. பாலமுருகனின் ‘சோளகர் தொட்டி’ (2004) தமிழக, கர்நாடக எல்லையில் சத்தியமங்கலம் மலைக்காடுகளில் வாழும் சோளகர் பழங்குடியினரைப் பற்றியது. முதற்பகுதி காட்டோடு இயைந்த வாழ்வையும், இரண்டாம் பகுதி வீரப்பன் தேடுதல் வேட்டையின்போது அம்மக்கள் பட்ட துன்பத்தையும் கூறுகின்றன. ஆசிரியர் அக்குடியினர் அல்லர். மனித உரிமைப் பணிவழி அவர்களை அறிந்தவர். சேய்மை மக்களைக் காக்கும் என்னும் பொதுக்கருத்தை இந்நாவல் மறுக்கிறது. துன்பம் நேரும்போது அதனைக் காண்பாரும் கேட்பாரும் இல்லாமற் செய்வதும் அதே சேய்மைதான்.

பி. எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதி 1969இல் வெளியிட்ட நாவல் இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பில் ‘எரியும் பனிக்காடு’ எனத் தமிழில் வந்தது. தேயிலைத் தோட்டத் தொழிலாளரிடையே மருத்துவராகப் பணியாற்றியவர் ஆசிரியர். சமவெளியிலிருந்து மேஸ்திரியின் முன்பணத்தை நம்பி வால்பாறை மலைக்குச் சென்ற தொழிலாளர், அக்கடன் தீராமையால் ஊர் திரும்ப இயலாமற் போனதை நாவல் காட்டுகிறது. அம்மலைக்குப் பாதை இருந்தது, வண்டிகள் சென்றன, தேயிலைப் பெட்டிகள் இறங்கின. தொழிலாளர் மட்டும் இறங்க முடியவில்லை. அதிகாரத்தால் அமைந்த சேய்மைக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

6. தேர்வு முறை

மேற்கண்டவற்றைத் தொகுத்து, ஓராண்டு வாசிப்புச் சவாலுக்குப் பின்வரும் நடைமுறையைப் பரிந்துரைக்கலாம்.

முதலாவதாக, நூல்களைத் தனித்தனியே தேராமல் இணைகளாகத் தேர்தல் நன்று. புறத்தார் நோக்கில் அமைந்த ஒன்றும் அகத்தார் நோக்கில் அமைந்த ஒன்றும் இணையாக அமையலாம். ‘ராபின்சன் குரூசோ’வை அடுத்து ஓ கிரிஹனின் தன்வரலாற்றைப் படிப்பவர், தீவு என்னும் சொல் இரண்டிலும் வேறு பொருள் தருவதை உணர்வார். முன்னதில் தீவு தப்பிக்கவேண்டிய இடம். பின்னதில் விட்டுப்பிரிய மனமில்லாத இடம்.

இரண்டாவதாக, தமிழ் நூல் ஒன்றையும் பிறமொழி நூல் ஒன்றையும் வாழ்தொழில் அடிப்படையில் இணைக்கலாம். ஐஸ்லாந்து எழுத்தாளர் ஹால்டோர் லாக்ஸ்னஸ் 1934, 1935 ஆண்டுகளில் இரு பகுதிகளாக வெளியிட்ட நாவல், பதினெட்டு ஆண்டுகள் ஊழியம் செய்து ஒதுங்கிய மேட்டுநிலத்தில் தனக்கென நிலம் பெற்ற ஆட்டு மேய்ப்பன் ஒருவனின் பிடிவாதத்தைக் கூறுகிறது. அதனை ‘நிலக்கிளி’யோடு இணைத்துப் படிக்கையில், தனித்து வாழும் உழைப்பாளியின் தற்சார்பு எங்குப் பெருமையாகிறது, எங்குக் குடும்பத்துக்குச் சுமையாகிறது என்னும் வினா எழும்.

மூன்றாவதாக, ஒவ்வொரு நூலுக்கும் வாசகர் ஒரு பக்கக் குறிப்பு எழுதலாம். நிலமும் பொழுதும் ஒரு பத்தியிலும், கருப்பொருள்கள் ஒரு பட்டியலிலும், அந்நிலத்துக்கே உரிய உணர்வு ஒரு பத்தியிலும் அமையட்டும். கருப்பொருள் பட்டியல் வெறுமையாக இருப்பின் அந்நூலில் நிலம் பின்திரையே என்பது தானே புலப்படும்.

நான்காவதாக, நிலப்படம் ஒன்றை உடன்வைத்துப் படித்தல் வேண்டும். அருகிலுள்ள துறை எது, மருத்துவமனை எது, எந்த மாதங்களில் வழி அடைபடும் என்பவற்றை அறிந்து படிக்கும்போது கதைமாந்தரின் முடிவுகளுக்குக் காரணம் விளங்கும்.

இத்தகைய நெறிகள் வாசிப்பின் இன்பத்தைக் குறைக்கும் என்று கருதுவோர் உண்டு. எண்ணிக்கையை முடிக்கவேண்டும் என்னும் விரைவே இன்பத்தைக் குறைப்பது. நெறிகள் அவ்விரைவைத் தணிக்கின்றன. பன்னிரண்டு நூல்களை ஓடிப் படிப்பதினும் ஆறு நூல்களை இணையிணையாக நின்று படிப்பது இவ்வகைமைக்குப் பொருந்தும்.

முடிவுரை

சேய்மை என்பது நிலத்தின் நிலையான பண்பன்று. பருவத்தாலும் வாழ்தொழிலாலும் அதிகாரத்தாலும் நிலம் எய்தும் நிலை என்பது இக்கட்டுரையால் பெறப்பட்டது. ஓர் இடம் சேய்மையா அண்மையா என்பது நோக்குவோன் நிற்குமிடத்தைப் பொறுத்தது என்பதைத் தீவுகளின் பெயர்களே காட்டின. முதல், கரு, உரி என்னும் பகுப்பு, நிலத்தைப் பின்திரையாகக் கொண்ட நூலையும் நிலத்திலிருந்து பிறந்த நூலையும் பிரித்தறிய உதவுகிறது. அகத்தார் எழுத்தையும் பொறுப்புள்ள புறத்தார் எழுத்தையும் இணைத்துப் படிப்பதே சிறந்த தேர்வு.

பிளாஸ்கெட்டும் தண்ணிமுறிப்பும் அவற்றை எழுதியோர் அறிந்த வடிவில் இன்று இல்லை. அவ்வூர்களுக்குச் செல்ல வேறு வழியும் இல்லை. ஆதலின் இவ்வகைமைக்கு ஒரு நூலைத் தேர்வது பட்டியலில் ஒரு கட்டத்தை நிரப்பும் செயலாக நின்றுவிடலாகாது. எவ்வூரின் வாழ்வு மேலும் சில ஆண்டுகள் அறியப்படவேண்டும் என்று வாசகர் செய்யும் முடிவாகவும் அது அமைகிறது.